அளவுக்கட்டையில் சந்தனம்

சின்ன வயதிலிருந்து எனக்குப் பயம் என்றால் பல்லிக்கும் பல் டாக்டருக்கும்தான். கடலுக்குப் பயப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கோயமுத்தூர் கணபதியில் குடியிருக்கிறவளுக்குக் கடல் எங்கிருந்து வந்தது? ஆனால் இப்போதெல்லாம் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று டி.வி.யில் சொல்ல ஆரம்பித்தாலே ரிமோட்டைத் தேடி அணைத்துவிடுகிறேன். வீட்டுக்காரர் ஏன் என்று கேட்பதில்லை. அவருக்குத் தெரியும்.

எங்களுடையது நாலு மெஷின் உள்ள லேத்துப் பட்டறை. எங்கள் ஊர் வழக்கப்படி அதற்கும் பெயர் கம்பெனிதான். வீட்டுக்காரர் மெஷினைப் பார்ப்பார், நான் அளவு பார்ப்பேன். கல்யாணமாகி வந்த புதிதில் என்னை மைக்ரோமீட்டரைத் தொடக்கூட விடமாட்டார்கள். இன்றைக்கு நான் கையெழுத்துப் போடாமல் ஒரு சாமான் வாசலைத் தாண்டாது. இதில் எனக்குத் தலைக்கனம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். டயல் கேஜின் முள் ஒரு கோடு தள்ளி நின்றாலும் "இது ஆவாது, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று திருப்பித் தள்ளிவிடுவேன். "ஊட்டுலயும் உனக்குப் பயப்படோணும், இங்கயும் பயப்படோணுமா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். ஆமாம் என்பேன்.

எங்களுக்கு வேலை தருகிறவர்களில் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. கடலோரக் காவல் படையின் விமானத் தளங்களுக்கு வேண்டிய சாமான்களைச் செய்து கொடுப்பவர்கள் அவர்கள். விமானத்தை இழுக்கும் கம்பி, ஏறும் படி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை, கடலில் கிடக்கும் ஆளை ஹெலிகாப்டருக்குத் தூக்கும் கூடை எல்லாம் அதில் அடக்கம். கூடை மடக்கி வைக்கக்கூடியது. மடங்கும் இடத்தில் ஒரு பின் வரும். அந்தப் பின்னைத்தான் நாங்கள் கடைந்து கொடுத்தோம். சுண்டுவிரல் நீளம் இருக்கும். ஒரு முனையில் தலை, மறு முனைக்குக் கிட்டத்தில் சுற்றிலும் ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் சர்க்ளிப் என்று ஒரு வளையத்தை மாட்டுவார்கள். மெட்டியைப் போல வாய் திறந்த வளையம். அது பள்ளத்துக்குள் நன்றாக உட்கார்ந்தால் பின் நழுவாது. சரியாக உட்காராவிட்டால் பாரம் ஏறும்போது வெளியே துள்ளிவிடும். பின் நழுவினால் கூடை ஒரு பக்கம் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கிற ஆள் என்ன ஆவார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

விளக்க வேண்டியதில்லை என்று இப்போது எழுதுகிறேன். அதை நானே கண்ணால் பார்க்கும்வரை எனக்கும் அது வெறும் பின்தான். ஒரு வருடம் சாமான் கொடுக்கிற எங்களையெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் வேனில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரையில் ஒரு விமானத் தளத்துக்குக் கூட்டிப்போனார்கள். நான் எதிர்பார்த்தது ஏதோ பெரிய விமான நிலையம். அங்கே இருந்தது ஒரு ஓடுபாதை, ஒரு பெரிய கொட்டகை, இரண்டு ஹெலிகாப்டர், ஒரு குட்டி விமானம். கொட்டகைக்குள் ஒரு ஹெலிகாப்டரைத் தலை முதல் வால் வரை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் மேல் போய்விட்டு வந்தால் உப்பு ஒட்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் கழுவாவிட்டால் அரித்துவிடும் என்றார்கள். இன்னொன்று வெளியே தயாராக நின்றது. எந்த நேரமும் ஒன்று கிளம்பத் தயாராக இருக்க வேண்டுமாம். அதில் போகிறவர்கள் பக்கத்து அறையில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எங்களுக்காகக் கடல் மேல் ஒருவரைத் தூக்கிக் காட்டினார்கள். தண்ணீரிலிருந்து கூடை கிளம்பியது. காற்றில் சுற்றியது. பனைமர உயரம் போன பிறகும் போய்க்கொண்டே இருந்தது. கூடைக்குள் ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்த மடிப்பில் என் பின் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. திரும்பி வரும்போது வேனில் யாரோடும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பின்னுக்கு அளவு பார்க்கும்போது இரண்டு தடவை பார்க்க ஆரம்பித்தேன்.

அப்படிப்பட்டவள்தான் இந்த வேலையைச் செய்தேன்.

பள்ளத்தின் ஆழத்தைப் பார்க்க எங்களிடம் ஒரு டயல் கேஜ் உண்டு. அதற்குத் துணையாக ஓர் அளவுக்கட்டை. தீப்பெட்டி அளவு இரும்புத் துண்டு, நடுவே சரியான ஆழத்துக்கு வெட்டிய ஒரு பள்ளம், காடி என்போம். கேஜை முதலில் கட்டையின் காடியில் வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திக்கொள்வேன். அப்புறம் பின்னின் பள்ளத்தில் வைப்பேன். முள் பூஜ்யத்துக்கு வந்தால் ஆழம் சரி. கட்டை பொய் சொன்னால் கேஜும் பொய் சொல்லும், நானும் பொய்யில் கையெழுத்துப் போடுவேன்.

ஆயுத பூஜை எங்கள் ஊரில் மற்ற ஊர்க்காரர்கள் செய்வதைப் போல அரை நாள் சமாச்சாரம் இல்லை. இரண்டு நாள் மெஷினை நிறுத்தி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, தரையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சுவிட்சுப் பெட்டிக்குக்கூடப் பொட்டு வைப்போம். அந்த வருடம் என் மேசைச் சாமான்களுக்கு நானே பொட்டு வைத்தேன். மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ் எல்லாவற்றையும் சிவப்புத் துணியில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். கட்டையை எடுத்தபோது வீட்டுக்காரர் பார்த்தார்.

"அம்மணி, அதுக்கெதுக்குப் பொட்டு? அதென்ன ஓடுதா, வெட்டுதா?"

"வருசம் பூரா எனக்கு ஒழைக்குதுங்க. உங்க மெஷினுக்கு மட்டும் மாலை, இதுக்கு ஒரு பொட்டு கூட ஆவாதா?"

சந்தனம் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்திருந்தேன். பூஜை முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். கட்டையின் மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. வழிந்த சந்தனம் காடிக்குள் இறங்கி அடியில் காய்ந்ததை நான் பார்க்கவில்லை. அந்த வாரமே பின் வேலை வந்தது. எல்லாவற்றையும் வழக்கம்போல இரண்டு தடவை அளந்து கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எங்கள் மேல் இருந்த நம்பிக்கையில் பெரிய கம்பெனியில் எங்கள் பின்னை மறுபடி அளக்காமல் நேரே கூடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அதுவும் எனக்குப் பெருமைதான்.

தீபாவளி போயிற்று. கார்த்திகை பிறந்தது. காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்த ஒரு நாள், அடுத்த தவணைப் பின்னைக் கடைய ஆரம்பித்தோம். பட்டறை டி.வி.யில் புயல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தடவை பெரிய கம்பெனியிலிருந்து நாலைந்து சர்க்ளிப்பும் அனுப்பியிருந்தார்கள். வழக்கமாக அதை மாட்டுவது அவர்கள் வேலை, எங்களிடம் இருக்காது. முதல் பின்னை அளந்து, ஆழம் சரி என்று தாளில் நேரத்தோடு எழுதினேன். ஒன்பது முப்பத்தைந்து. வீட்டுக்காரர் விளையாட்டாக அதில் ஒரு சர்க்ளிப்பை மாட்டினார். நகத்தால் நெம்பினார். வளையம் துள்ளி மேசைக்கடியில் விழுந்தது.

"என்ன சர்க்ளிப் அனுப்பியிருக்கறாங்க, சொத்தையா?" என்றார்.

இன்னொன்றை மாட்டினோம். அதுவும் துள்ளியது. நான் கட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். காடியின் அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, ஆனாலும் வைத்துப் பார்த்தேன்.

காடியில் சந்தனம் படிந்த கனத்துக்குக் கட்டையின் ஆழம் குறைந்திருந்தது. அதை நம்பி நான் அளந்த ஒவ்வொரு பின்னிலும் பள்ளம் அந்த அளவுக்கு ஆழம் குறைவு. ஒரு தலைமுடி கனம்தான். வளையம் உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் உட்கார்ந்திருக்காது. போன தடவை அனுப்பியவை அத்தனையும் அப்படித்தான்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. பட்டறைக்குள் மெஷின் சத்தமே கேட்கவில்லை. டி.வி.யில் மரங்கள் ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் கடலோரத்தில்தான் அந்தத் தளம் இருந்தது.

இந்த இடத்தில் ஓடிப்போய்ப் போனை எடுத்தேன் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. நான் எடுக்கவில்லை. முதலில் கட்டையைக் கழுவி வந்து திரும்ப அளந்தேன். போன தடவைப் பின்னில் மாதிரிக்காக ஐந்தை எடுத்து வைத்திருந்தோம், அவற்றையும் அளந்தேன். ஐந்திலும் ஆழம் இல்லை. வேறு கேஜில் பார்த்தேன். அப்போதும் இல்லை. வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"அங்க மாட்டறப்ப பாத்திருப்பாங்க அம்மணி. சரியில்லீன்னா திருப்பியிருப்பாங்கல்ல?"

"அங்க யாருங்க பாக்கறாங்க? என் கையெழுத்தைத்தான் பாக்கறாங்க."

"ஒரு டீயைக் குடி. யோசிச்சுச் சொல்லிப்போடலாம். இத்தன வருசப் பேருடி."

எனக்கும் அந்தப் பேர்தான் பெரிதாகத் தெரிந்தது. பொட்டு வைத்துக் கெடுத்தவள் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். பொம்பளை அளவு பார்த்தால் இப்படித்தான் என்பார்கள். டீ வந்தது, குடித்தேன். கணக்குத் தாளைப் புரட்டி எத்தனை போயிருக்கிறது என்று மூன்று தடவை எண்ணினேன். போனை எடுத்தேன், வைத்தேன். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. அந்த நேரத்தில் என் பயம் கடலில் இருப்பவர்களைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது. அதை மறைக்க இத்தனை நாள் பாடுபட்டேன், இனி மறைக்கப்போவதில்லை.

பத்தே முக்காலுக்குத்தான் கூப்பிட்டேன். பெரிய கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி எடுத்தார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"எப்பக்கா பாத்தீங்க?" என்றார்.

"இப்பத்தானுங்க சார்."

வாயிலிருந்து அது தானாக வந்தது.

"போனைப் பக்கத்துலயே வெச்சிருங்க. அந்தப் பின் போட்ட கூடைங்க எல்லாம் தளத்துக்குப் போயாச்சுக்கா."

பத்து நிமிடத்தில் தளத்திலிருந்தே ஓர் அதிகாரி நேராக என் போனுக்கு வந்தார். தமிழ்க்காரர், தென்கோடிப் பேச்சு. பின்னால் காற்று இரைந்தது. யாரோ யாருக்கோ எண்களைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, எந்தெந்தப் பின்னு, அடையாளம் என்ன, அதை மட்டும் சொல்லுங்க. எங்க ஹெலிகாப்டர் இப்ப வெளியதான் இருக்கு. எஞ்சின் நின்னுபோன மீன்பிடிப் படகு ஒண்ணு, எட்டுப் பேரு. உங்க கூடைதான் கூட இருக்கு."

பின்னின் தலையில் நாங்கள் பொறித்திருந்த எழுத்தைச் சொன்னேன். அவர் அதை வயர்லெஸ்ஸில் சொல்வது எனக்கே கேட்டது. கூடையை நிறுத்து என்று இரண்டு தடவை சொன்னார். பதில் கரகரவென்று வந்தது, எனக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

தளத்து அதிகாரி திரும்ப லைனுக்கு வந்தார். கூடையை விட்டுவிட்டு, கக்கத்துக்கு அடியில் மாட்டும் பட்டையில் ஆட்களைத் தூக்குகிறார்கள் என்றார். ஆனால் ஒருவருக்கு இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது, பட்டையில் மாட்டினால் தாங்கமாட்டார். கூடைதான் வேண்டும்.

"அம்மா, மறைக்காமச் சொல்லுங்க. இந்தப் பின்னு ஒரு தடவை தாங்குமா?"

"தெரியாதுங்க" என்றேன். அதைவிட உண்மையான வார்த்தையை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. "ஒரு நிமிசம் இருங்க, பாத்துச் சொல்றமுங்க."

போனோடு ஒட்டி நின்று கேட்ட வீட்டுக்காரர் ஏற்கெனவே பாரம் ஏற்றி அழுத்தும் கைப் பிரஸ்ஸுக்குப் போயிருந்தார். மாதிரிப் பின்னைக் குழாய்த் துண்டில் நிறுத்தி, சர்க்ளிப்பை மாட்டி, கைப்பிடியை மெதுவாக இறக்கினார். பெரிய ஆள் ஒருவர் கூடையில் உட்கார்ந்தால் என்ன பாரமோ அதற்கு மேல் ஏற்றினார். நின்றது. இரண்டாவதும் நின்றது. எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவதற்குப் பாதிப் பாரம்கூட ஏறவில்லை, வளையம் டங்கென்று பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. அந்தச் சத்தம் போனிலும் போயிருக்கும்.

"ரெண்டு நின்னுதுங்க. மூணாவது நிக்கலீங்க" என்றேன்.

"போதும்மா."

வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "ஏனுங்க, வளையத்த நம்பாதீங்க. பின்னோட தலையையும் வாலையும் சேத்துக் குறுக்கால கவுத்தப் போட்டு இறுக்கிக் கட்டிப்போட்டா, வளையம் போனாலும் பின் நழுவாதுங்க. மடிப்பு ஒவ்வொண்ணுலயும் கட்டச் சொல்லுங்க."

அதை அந்த அதிகாரி அப்படியே ஹெலிகாப்டருக்குச் சொன்னார். பிறகு, கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் போயிற்று என்று கடிகாரம் சொல்லும், எனக்குத் தெரியாது. மழை வலுத்துத் தகரக் கூரையில் கொட்டியது. டி.வி.யை நிறுத்தச் சொன்னேன், பிறகு போடச் சொன்னேன். மருதமலை முருகனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். கூடை காற்றில் சுற்றுவது கண்ணை மூடினாலும் தெரிந்தது, திறந்தாலும் தெரிந்தது. வீட்டுக்காரர் வாயிற்படியில் நனைந்துகொண்டு நின்றார், உள்ளே வரவே இல்லை.

மதியம் தாண்டிப் போன் வந்தது. அதே அதிகாரி.

"எட்டுப் பேரும் வந்துட்டாங்கம்மா. இடுப்பு உடைஞ்சவரையும் பின்னைக் கட்டின கூடையிலதான் ஏத்தினோம். ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு."

நான் அழுதேன். பட்டறையில் நான் அழுது வீட்டுக்காரர் பார்த்ததே இல்லை. அதிகாரி பேசிக்கொண்டே போனார், அவருக்கும் பேச வேண்டியிருந்தது போல.

"உங்க போன் வர்றதுக்கு முன்னாடியே மூணு பேரைக் கூடையில ஏத்திட்டாங்கம்மா. பத்து மணி பத்துக்கு முதல் ஆளு. மூணாவது ஆளை உள்ள இழுத்தது பத்தே முக்காலுக்கு. படகுல சமைக்கிறவரு, வயசானவரு. இப்பத்தான் கூடையைப் பாத்தோம், ஒரு மடிப்புல வளையம் பாதி வெளிய வந்து நிக்குது. நாலாவது ஆளை ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்குமோ. கண்ணுல பட்ட நிமிசமே கூப்பிட்டீங்க பாருங்க, நன்றிம்மா."

"இருக்கட்டுங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தேன். ஒன்பது முப்பத்தைந்து என்று என் கையெழுத்தில் இருந்தது. மூன்று பேரும் அந்தரத்தில் தொங்கியது நான் டீ குடித்த நேரத்தில்தான். எண்ணியதையே எண்ணிக்கொண்டு, வார்த்தை தேடிக்கொண்டு இருந்த நேரத்தில். உடனே கூப்பிட்டிருந்தால் அந்த மூன்று பேரில் ஒருவர்கூட அதில் ஏறியிருக்க வேண்டியதில்லை.

அடுத்த நாள் பெரிய கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. என்ன தவறு, எப்படி நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன ஏற்பாடு என்று கட்டங்கள். சந்தனத்தைப் பற்றி எழுதும்போதுகூடக் கை நிற்கவில்லை. கண்டுபிடித்த நேரம் என்ற கட்டத்தில் நின்றது. அவர்களிடம் என் தாள் கிடையாது, கேட்கவும் மாட்டார்கள். வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அதை எழுதித்தான் ஆவோணுமா அம்மணி?"

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. எழுதி, ஸ்டாம்பு அடித்து, அவர் கையாலேயே கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் தரம் பார்க்கிற அதிகாரி கூப்பிட்டார்.

"அக்கா, படிவத்துல நேரத்தைத் தப்பாப் போட்டுட்டீங்க. ஒன்பது முப்பத்தஞ்சுன்னு இருக்குது. நீங்க கூப்பிட்டது பத்தே முக்காலுக்குத்தானே? நானே திருத்திக்கட்டுமா?"

"தப்பில்லீங்க சார். பாத்தது ஒன்பது முப்பத்தஞ்சுக்குத்தானுங்க."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.